குப்பியில் ஏறும் நீலம்

திங்கள், புதன், வெள்ளிக் காலைகளில், டயாலிசிஸ் வேன் வருவதற்குள் எனக்கு ஒரு வேலை இருந்தது. மீன்தொட்டித் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பி ஒன்றில் பிடித்து, மருந்துச் சொட்டு விட்டு, பொடியைக் கொட்டிக் குலுக்கி, மாமாவின் கண்முன்னால் நீட்ட வேண்டும். தண்ணீரில் பாஸ்பேட் இருந்தால் நீலம் ஏறும். கொஞ்சம் இருந்தால் வெளுத்த வானம் மாதிரி இருக்கும். அதிகம் இருந்தால் பேனா மை மாதிரி ஆகிவிடும். வெளிர் நீலம் வந்தால் மாமா செருப்பைத் தேடுவார். மை நீலம் வந்தால், "இன்னிக்கு ஒடம்பு ஒத்துவரல, நான் போவல" என்று நாற்காலியில் சாய்ந்துகொள்வார்.

மாமா என்று நான் சொல்வது அக்காவின் வீட்டுக்காரரை. சர்க்கரை நோய் முதலில் ஒரு கால்விரலை எடுத்துக்கொண்டது. பிறகு இரண்டு சிறுநீரகங்களையும் எடுத்துக்கொண்டது. சிரம்பானுக்குப் போய் இயந்திரத்தோடு கையைப் பிணைத்து ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வந்தால்தான் உயிர். ஒரு முறை விட்டால் முகம் வீங்கும். அடுத்ததையும் விட்டால் மூச்சு வாங்கும். அதற்கு மேலும் விட்டவர்களின் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார் என்று மாமாவே சொல்வார், பேருந்தில் யாரோ இடம் மாறி உட்கார்ந்ததைச் சொல்வதுபோல.

நான் அந்த வீட்டுக்குத் தங்குவதற்காக வரவில்லை. படிவம் இரண்டோடு பள்ளியை விட்டவன் நான். சுங்கை காடுட்டில் கையுறைத் தொழிற்சாலை, ஜொகூரில் இறால் குளம், லாரியில் அட்டெண்டன், இடையில் கொஞ்ச நாள் எதுவுமில்லை. எந்த வேலையிலும் போட்ட சட்டை வெளுக்கும்வரை இருந்ததில்லை. இறால் குளத்தை விட்டுவிட்டு ஒரு பையோடு அக்கா வீட்டு வாசலில் நின்றபோது அவள் கேட்டது ஒன்றுதான்.

"எறா கொளத்துலதானே வேல செஞ்ச? தண்ணிய பத்தி தெரியும்தானே?"

தெரியும் என்றேன். அன்றைக்கே தொட்டி என் பொறுப்புக்கு வந்துவிட்டது.

செம்பனைத் தோட்டத்து லயத்து வீட்டில் கடல்தொட்டி எப்படி வந்தது என்று பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பார்கள். தோட்டத்தில் இருந்த சின்னத்தொரை, அதாவது உதவி மேனேஜர், வீட்டில் பவளத்தொட்டி வைத்திருந்தார். சபாவுக்கு மாற்றலானபோது அதைத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. மண்டோராக, ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரியாக, இருந்த மாமாவைக் கூப்பிட்டு, "எடுத்துக்கிறியா, கொட்டிடவா?" என்று கேட்டார். மாமா எடுத்துக்கொண்டார். அப்போது அவருக்கு நோய் இல்லை. போர்ட் டிக்சனின் கலங்கின கடலைத் தவிர வேறு கடல் பார்த்ததில்லை அவர். பவளம் உயிருள்ளது என்பதே அந்தத் தொட்டி வந்த பிறகுதான் தெரியும். காராங் என்று மலாயில்தான் சொல்வார்.

"கல்லுன்னு நெனச்சேன்டா. ராத்திரி வாயத் தொறக்குது, பகல்ல மூடிக்கிது. நம்ம ஆபீஸ் கிராணி மாதிரி."

தொட்டியில் பல பவளங்கள் இருந்தாலும் அவர் பார்ப்பது ஒன்றைத்தான். விரல் விரலாகக் கிளைத்து, ஒவ்வொரு விரலின் நுனியிலும் நீலப்பொட்டு வைத்தாற்போல இருக்கும். சின்னத்தொரை கொடுத்தபோது சுண்டுவிரல் அளவு இருந்ததாம். நான் வந்தபோது விரித்த கை அளவு வளர்ந்திருந்தது. ஆனால் அதன் நீலம் மங்கி, மேலெல்லாம் காப்பி நிறம் படர்ந்திருந்தது. பாறைகளின் மேல் பச்சை முடிபோலப் பாசி. அடிப்பக்கத்தில் ஒரு விரலின் தோல் உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது. தண்ணீரில் பாஸ்பேட் ஏறினால் பாசி கொழுக்கும், பவளம் எலும்பு கட்ட முடியாமல் திணறும். அதற்குத்தான் அந்தக் குப்பிச் சோதனை.

பாஸ்பேட் என்ற சொல் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. மாமா பாஜா கேங்குக்கு மண்டோர். பாஜா என்றால் உரம். சாம்பல் கலந்த பழுப்பில் கல்லை அரைத்தாற்போல ஒரு தூள் மூட்டை மூட்டையாக வரும். முகத்தில் துணி கட்டிய பெண்கள் அதை வாளியில் அள்ளி மரம் மரமாக வீசிக்கொண்டு போவார்கள். அதுவும் பாஸ்பேட்தான். சிறுநீரகம் போன பிறகு ரத்தத்தில் பாஸ்பேட் ஏறக்கூடாது என்று டயாலிசிஸ் நர்ஸ் மிஸ்ஸி சொல்லிவிட்டாள். பருப்பு, பால், நெத்திலி, காச்சாங் என்கிற வேர்க்கடலை எதுவும் கூடாது. சாப்பாட்டோடு சுண்ணாம்பு மாதிரி ஒரு மாத்திரையைக் கடித்து முழுங்க வேண்டும்.

"மூட்ட மூட்டயா வீசி எறிஞ்சேன்" என்பார் மாமா. "வெலாசம் விசாரிச்சிக்கிட்டு என்னயத் தேடி வந்திருச்சி."

சிரித்துக்கொண்டேதான் சொல்வார். ஆனால் தொட்டி விஷயத்தில் சிரிக்க மாட்டார். நான் வந்த கொஞ்ச நாளில், ஒரு காலை மை நீலத்தைப் பார்த்துவிட்டு அக்காவையும் என்னையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"நல்லா கேட்டுக்குங்க. எனக்கும் அதுக்கும் ஒரே சீக்கு. அந்த வெரலுங்க செத்திச்சின்னா நான் வேன்ல ஏற மாட்டேன். சும்மா சொல்லல."

அக்கா சமையலறைக்குப் போய்விட்டாள். பாத்திரம் கழுவும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

குடிதண்ணீரைக் குப்பியில் பிடித்துக் காட்டி ஏமாற்றலாம் என்று அவளே பிறகு என்னிடம் சொன்னாள். முடியாத காரியம். நான் குப்பியைத் தொட்டியில் முக்குவதை மாமா கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்.

எனவே நிஜமாகவே பாஸ்பேட்டை இறக்க வேண்டும். முதலில் உப்புத்தண்ணீர் கலக்கும் வாளியைச் சந்தேகித்தேன். பாஜா வாளியாக இருக்குமோ என்று முகர்ந்து பார்த்தேன். பெயிண்ட் வாளிதான். பிறகு தண்ணீரைச் சந்தேகித்தேன். குழாய்த் தண்ணீரை வடிகட்டித்தான் ஊற்றினோம். அதைச் சோதித்தால் நிறமே ஏறவில்லை. மீனுக்குப் போடும் உறைந்த இறாலைக் கழுவாமல் போடுகிறோமே என்று, கழுவிப் போட ஆரம்பித்தேன். தீனியைப் பாதியாகக் குறைத்தேன். மீன்கள் என்னைக் கண்டாலே கண்ணாடியை முட்டின. குப்பியில் நீலம் குறையவில்லை.

தெமியாங்கில் கடல்மீன் கடை ஒன்று இருந்தது. அதன் சீன முதலாளி மலாயில்தான் பேசுவார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "போஸ், நீ மீனுக்குக் கெண்டூரி போடுற லா" என்றார். கெண்டூரி என்றால் விருந்து.

"பாதிதான் போடறேன் தவுக்கே. மீனெல்லாம் பட்டினி."

"அப்போ வேற யாரோ போடுறாங்க. வீட்டுல சின்னப் பிள்ளை இருக்கா?"

இல்லை என்றேன். துரு நிறத்தில் இரும்புக் குருணை கொடுத்தார். அதைத் துணிப்பையில் கட்டித் தண்ணீர் ஓடும் இடத்தில் தொங்கவிட்டால் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். "ஒரேயடியா நிறையப் போட்டுறாத. அதுக்கும் கொஞ்சம் வேணும். சுத்தமா இல்லாமப் போனாலும் செத்துரும்" என்றார். போகும்போது இன்னொன்றும் சொன்னார். "பாறை இவ்வளவு நாள் குடிச்சு வச்சிருக்கும். நீ இறக்க இறக்க அது கக்கும். பொறுமை வேணும் போஸ்."

குருணை போட்டதும் நீலம் வெளுத்தது. அந்த வாரம் மாமா மூன்று நாளும் வேன் ஏறினார். ஓட்டுநரைப் பார்த்து, "என்னாடா, வண்டி கழுவி எவ்வளவு நாளாச்சு?" என்று கிண்டல்கூடச் செய்தார். நான் பையைத் தயார்செய்துகொண்டேன். நீலாயில் ஒரு கிடங்கில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஓர் இடத்தில் வேலை முடிந்தால் எனக்குக் கால் நிற்காது.

ஆனால் குருணை இருக்கும்போதே நீலம் மறுபடி ஏறியது. புதுக் குருணை மாற்றினேன். இறங்கியது, மறுபடி ஏறியது. முன்னைவிட வேகமாக ஏறியது. பஞ்சு வடிகட்டியில் சாம்பல் நிறச் சேறு படிந்தது. பாறை கரைகிறது போல என்று நினைத்துக்கொண்டு அலசிப் போட்டேன்.

ஒரு திங்கட்கிழமை மை நீலம். மாமா போகவில்லை. புதன்கிழமையும் மை நீலம். விரலின் தோல் பாதிவரை உரிந்திருந்தது. வேன்காரர் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு உள்ளே வந்து கூப்பிட்டார். "ஐயா, அடம் புடிக்காதீங்க லா, மிஸ்ஸி என்னயத்தான் ஏசுவாங்க." மாமா கண்ணை மூடிக்கொண்டார். வியாழன் மத்தியானம் அவருக்கு மூச்சு இழுத்தது. படுத்தால் தண்ணீரில் முங்குவதுபோல இருக்கிறது என்று எழுந்து எழுந்து உட்கார்ந்தார். பக்கத்து வீட்டுக் காரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காரில் அக்கா அவர் கையைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தபிறகு நீலாய்க் கிடங்கை மறந்துவிட்டேன்.

பிழைத்து வந்தார். வந்ததும் நாற்காலியைத் தொட்டிப்பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். அவருக்குக் குடிக்க ஒரு நாளைக்கு அளந்துதான் தண்ணீர். அரைக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டி நிறையத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம், மோட்டாரின் ரப்பர்குழாய் கழன்றுவிட்டது என்று தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக் கையை விட்டுக்கொண்டிருந்தேன். மேலே விளக்கு எரிந்தது. அங்கிருந்து தலையை நீட்டிக் கண்ணாடி வழியே பார்த்தால் தண்ணீரின் மேல்தளம் வெள்ளித்தாள் மாதிரி தெரியும். அந்த வெள்ளியில் மூன்று விரல்கள் வந்தன. விரல்களிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு புகை இறங்கியது, தூறல்போல, மெதுவாக. மீன்கள் தீனி என்று பாய்ந்து வாயில் வாங்கித் துப்பின. புகை அப்படியே விரல் பவளத்தின்மேல் போய்ப் படிந்தது.

வெளியே வந்தேன். அக்கா விபூதித் தட்டோடு நின்றிருந்தாள்.

"அக்கா, என்னா போட்ட?"

"துன்னூறுலா. வேற என்னா?"

"எப்பவும் போடுவியா?"

"நீ பாத்துக்கிட்டுதானே இருக்க. கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

உண்மைதான். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். விளக்கு ஏற்றிய பிறகு அவள் தட்டோடு வீட்டைச் சுற்றுவாள். மாமாவின் நெற்றி, என் நெற்றி, வாசல் நிலை, அரிசி வாளி, ஃபிரிட்ஜ், அடுப்படி கேஸ் தோம்பு, வெளியே என் மோட்டார் சைக்கிளின் விளக்கு. எல்லாவற்றுக்கும் வைக்கிறவள் தொட்டிக்கும் வைக்கிறாள். ஃபிரிட்ஜுக்கு வைப்பது எப்படிக் கண்ணில் படவில்லையோ, அப்படித்தான் இதுவும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, வடிகட்டிய தண்ணீரில் ஒரு சிட்டிகை திருநீற்றைக் கரைத்துத் தெளியவைத்து, குப்பியில் ஊற்றிச் சொட்டு மருந்து விட்டேன். வெறும் நீலம் இல்லை, கறுப்பாகத் தெரியும் அளவுக்கு நீலம். பூஜை மாடத்தில் கடைத் திருநீறு ஒரு பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. அதையும் அப்படியே செய்து பார்த்தேன். தண்ணீர் கொஞ்சம் வெள்ளையாகக் கலங்கியதே தவிர நிறம் ஏறவில்லை.

மாமா நாற்காலியில் இருந்தபடியே இரண்டு குப்பிகளையும் வாங்கிப் பார்த்தார்.

"இது என்னாடா?"

"கறுப்பு, கோயில் துன்னூறு. வெள்ள, கடத் துன்னூறு."

கோயில் திருநீறு என்றால் தோட்டத்துக் கோயிலில் பூசாரியே மாட்டுச் சாணத்தை எருவாக்கி எரித்துச் சலித்துத் தருவது. கலப்படம் இல்லாதது. அக்கா அதைத் தவிர வேறு தொட மாட்டாள். கடையில் விற்பது அநேகமாகச் சுண்ணாம்புக்கல் தூளும் வாசனையும்தான்.

"அப்ப சாமி துன்னூறு வெசம், கடையில விக்கிற டூப்பு நல்லதா?" என்றாள் அக்கா. குரல் உயர்ந்திருந்தது. "என்னா பேச்சு பேசறீங்க ரெண்டு பேரும்?"

நான் பதில் சொல்லுமுன் மாமா சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"பூசாரி மாடு எங்க மேயுது?"

"எங்க மேயும்? மரத்தடியிலதான்."

"எந்த மரத்தடி? நான் பாஜா போட்ட மரத்தடி. நான் வீசுனத புல்லு தின்னுச்சு, புல்ல மாடு தின்னுச்சு, அவன் எரிச்சுக் குடுத்தான், நீ கொண்டாந்து என் தொட்டிக்குப் போட்டுட்ட. பாஜா கேங்குல சேந்திருக்கலாம்டி நீ. நல்லா கைவீச்சு."

அக்கா சிரிக்கவில்லை. தட்டை மேசையில் வைத்தாள்.

"சிரிங்க. மீன் பொட்டிக்குப் பின்னால டின்னுல காச்சாங் வச்சித் திங்கறீங்களே, அதுக்கு நான் சிரிச்சேனா? மிஸ்ஸி என்னய நிக்க வச்சிக் கேக்கறா, 'என்னம்மா சமைக்கறீங்க, இவருக்குப் பாஸ்பேட் எறங்கவே இல்ல'ன்னு. நான் பருப்பு வாங்கியே வருசமாச்சு. வாயத் தொறந்தேனா?"

மாமா என்னைப் பார்த்தார். எனக்கு டின் விஷயம் தெரியாது. நான் தரையைப் பார்த்தேன்.

"அது எப்பவாச்சும் நாலு காச்சாங்..."

"இதுவும் எப்பவாச்சும் ஒரு சிட்டிகதான் போட்டேன். வெள்ளிக்கெழம மட்டும். வேன்ல ஏற மாட்டேன்னு ஒரு நாளு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? அது செத்தா நானும் போவ மாட்டேன்னு? அன்னிலேருந்து தெனம் போடறேன். அள்ளிப் போடறேன். நீங்க ஆஸ்பத்திரியில கெடந்தப்ப ரெண்டு வேளையும் வந்து போட்டேன். கல்லா, புழுவா, என்னான்னு தெரியாத அதுகிட்ட நின்னு, செத்துறாதன்னு கும்பிட்டேன். வேற என்னா செய்யச் சொல்றீங்க என்னய?"

தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இந்த முறை பாத்திரச் சத்தம்கூட வரவில்லை.

மாமா கறுப்புக் குப்பியை விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தபடி இருந்தார். நான் துருக் குருணைப் பையை அலசப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே போனேன். திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தார். கையில் காச்சாங் டின் இருந்தது.

"இந்தா. எங்கயாச்சும் கொட்டு."

"எனக்கெதுக்கு? அவன்கிட்ட குடுங்க, திம்பான்."

"தொட்டிக்குத் துன்னூறு வைக்காம இருக்காத" என்றார். "வெளியில வையி. கண்ணாடியில."

"கண்ணாடியில வச்சா ஒங்களுக்கு மறைக்குமே."

"அப்ப ஸ்டாண்டுல வையி லா. இடமா இல்ல?"

அன்றைக்கு அந்த டின்னை நான் தின்று முடித்தேன். அருமையான காச்சாங்.

தொட்டித் தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றினேன். பாறை இடுக்குகளில் படிந்திருந்த சாம்பலைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தேன். தெமியாங் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தம் கடையின் மேல்மாடத்தைக் காட்டினார். அங்கே ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது, அதற்கு நேர் கீழே ஒரு தொட்டி. "நாளைக்கு அதை நகர்த்தணும்" என்றார்.

திங்கட்கிழமை வந்தது. தொட்டி ஸ்டாண்டின் மரத்தில் மூன்று வெள்ளைப் பட்டைகள் காய்ந்திருந்தன. நான் குப்பியை முக்கி, சொட்டு விட்டு, பொடி போட்டுக் குலுக்கினேன். நிறம் ஏறக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குள் வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. நான் குப்பியைப் பிடித்தபடி நின்றேன். அக்கா சமையலறை வாசலில் நின்றாள்.

மாமா தொட்டியைப் பார்த்தார். விரல்களில் பாதி வெள்ளை எலும்புதான். அது இனித் தோல் மூடப்போவதில்லை. மேல்பாதியில் மட்டும் காப்பி நிறம் இருந்தது, உயிர் இருந்தது. பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

"மாமா, கலர் இன்னும் வரல."

"வரட்டும். வேன்காரன் கத்துறான் பாரு."

"வந்ததும் போன் பண்ணவா?"

"எதுக்கு? வந்து பாத்துக்கறேன்."

அக்கா பின்னாலேயே ஓடிப்போய் வேனின் கதவில் திருநீற்றுக் கையை வைத்தாள். "ஐயோ அம்மா, இப்பத்தான் கழுவுனேன்" என்று ஓட்டுநர் கத்துவது கேட்டது. வேன் செம்பனை வரிசைகளுக்கு நடுவே செம்மண் பாதையில் போய்த் திரும்பியது. கையிலிருந்த குப்பியைப் பார்த்தேன். மை நீலம். பாறை கக்கும் என்று முதலாளி சொன்னது சரிதான். குப்பியைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு வந்தார். களைத்துப்போய் நாற்காலியில் விழுந்தார். அக்கா கொடுத்த அரைக் கோப்பைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் வைத்து ஊறவிட்டுக் குடித்தார். பிறகுதான் கேட்டார்.

"என்னா கலரு?"

"மையிதான்."

"ம்" என்றார். "மெதுவா எறங்கும். எனக்கும் இன்னும் எறங்கலேன்னுதான் மிஸ்ஸி சொன்னா. புதன்கெழம பாப்போம்."